மோட்டார் பெட்டியில் ஒரு வண்டிச் சாவி

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் திவ்யா போன மாதம் போன் செய்தாள். சமையல் வேலையில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"மேடம், நீங்க எழுதி வச்சிட்டுப் போன கைப்புத்தகத்த டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். அஞ்சாவது வாரத்துல, 'நோயாளிக்கு நாம் போன் செய்து ஞாபகப்படுத்தக் கூடாது'ன்னு எழுதி சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. இப்ப குழுவையே போன்ல நடத்தப் போறோம். ஆப்பே எல்லாருக்கும் மணி அடிச்சு சொல்லிடும். இந்த வரிய எடுத்துடட்டுமா?"

கத்தியைக் கீழே வைத்தேன். "எடுக்காதம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவர்களிடம் ஏன் என்று கேட்டால் இதுதான் கதி. அவளுக்கு ஒரு வரி போதும். எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கிறது.

நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தவள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. முப்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் கடைசி வரைக்கும் 'டாக்டரம்மா'தான். படித்தது சென்னையில். படித்ததில் பாதி, கள்ளக்குறிச்சிக்கு வந்த முதல் வருடத்திலேயே உதவாமல் போனது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு குடிநோயாளிகள், மனச்சிதைவு, பிரசவத்துக்குப் பின் அழுதுகொண்டே இருக்கும் பெண்கள் என்று பல வருடம் ஓடியது. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கவனக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காக நாங்கள் நடத்திய புதன்கிழமைக் குழுவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குழுவைத் தொடங்கியவர் டாக்டர் மாசிலாமணி. ஒல்லியான மனிதர், குரல் தாழ்ந்திருக்கும். கோபம் வந்தால் இன்னும் தாழும். "கவனம் சிதறுறது சின்னப் பசங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. அந்தப் பசங்க வளந்து நம்ம பஸ்ஸுல, கடையில, ஆபீஸுல எல்லா இடத்துலயும் இருக்காங்க. ஊரு அவங்களுக்கு சோம்பேறின்னு பேரு வச்சிடுச்சு" என்றார். வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு குழுவா என்று எனக்கே அப்போது சந்தேகம். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றை அக்கம்பக்கத்தில் யாரும் நடத்தவில்லை. எட்டுப் பேர் சேர்ந்தார்கள். மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு அவர் மாத்திரையும் கொடுத்தார். "மாத்திரை கவனத்த கொண்டாந்து குடுக்கும். அத எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியாது" என்பார். அந்த 'எங்கே'யைப் பழக்குவதுதான் புதன்கிழமை வேலை.

ஊசி போடும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வட்டமாகப் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் பேட்டரியை ஒவ்வொரு மாதமும் டாக்டரே மாற்றுவார், என்னிடம் கூட விடமாட்டார். காலை பத்தரைக்குத் தொடங்கும். இரண்டு பேர் வந்திருந்தாலும் தொடங்கும். ஆனால் கதவு திறந்தே இருக்கும். கதவுக்குப் பக்கத்து நாற்காலி தாமதமாக வருகிறவருக்கானது. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. வந்தவரிடம் ஏன் லேட் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லவே பத்து நிமிடம் போகும், அந்தப் பத்து நிமிடத்தில் மற்ற ஏழு பேரின் கவனமும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். கவனக் குறைபாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் நேரத்துக்கு வராதவரைத் திருப்பி அனுப்புவது, காய்ச்சல் இருக்கிறது என்று காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்புவதைப் போல என்பார்.

அந்த அறையில் 'மறந்துட்டேன்' என்ற வார்த்தைக்குத் தடை. மறந்துட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, எந்த இடத்தில் நழுவியது என்று சொல்ல வேண்டும். போன வார வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "எங்க தடுக்கிச்சு?" செய்தீர்களா இல்லையா என்று கேட்கமாட்டார். பிறகு ஒரு புதுப் பழக்கம் சொல்லித் தருவோம். வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவது, நடுவில் வரும் நினைப்பை நோட்டில் எழுதிவிட்டுத் திரும்புவது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகித்துவிட்டுப் பிறகு கடிகாரம் பார்ப்பது, இப்படி. கடைசியாக அடுத்த வார வேலை. "செஞ்சிடுறேன் சார்" என்று யாராவது எழுந்தால் விடமாட்டார். "எப்போ? எங்க? எதுக்கு அப்புறம்?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் எழுந்திருக்கலாம். 'காலையில்' என்றால் போதாது. 'காலையில், அடுப்படியில், டீத்தூள் டப்பாவை மூடினதுக்கு அப்புறம்' என்றால்தான் தலையாட்டுவார். எல்லோரும் போன பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தின்பார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு ஒன்று நீட்டியதில்லை.

குழுவில் இருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருத்தி ஜெயந்தி, வடக்கனந்தலில் தையல் கடை வைத்திருந்தவள். ஒரு ஜாக்கெட்டை வெட்டும்போதே இன்னொன்றின் மேல் ஆசை வந்துவிடும். ஒரு முகூர்த்த நாளில் பதினோரு ஜாக்கெட் கை வைக்காமல் தொங்க, கல்யாண வீட்டுப் பெண்கள் கடை வாசலில் நின்று அவளைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிரில் ஒரே ஒரு ஆணி. அதில் ஒரே ஒரு துணி. மற்றதெல்லாம் பெட்டிக்குள், பெட்டி மேல் அவள். உண்மையிலேயே பெட்டி மேல் உட்கார்ந்துதான் தைப்பாள்.

இன்னொருவன் வெள்ளையன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். முப்பத்து நான்கு வயது. அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். பள்ளத்தில் ஒரு கிணறு, கிணற்றோரம் ஒரு சின்ன மோட்டார் அறை. மேட்டில் தொட்டி. காலையில் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும். கோடையில் கிணற்றில் நாற்பது நிமிடத் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகி, காயில் எரிந்துவிடும். மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றையும் முன்பு மாட்டியிருக்கிறார்கள். மலையின் முதல் இடிக்கே அது போய்ச் சேர்ந்தது.

வெள்ளையன் இரண்டு முறை மோட்டாரை எரித்திருந்தான். ஊரில் அவனைக் குடிகாரன் என்றார்கள். அவன் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. குடிக்காதவனுக்குக் குடிகாரன் பட்டம் கிடைத்ததுதான் எனக்கு முதல் நாளே உறைத்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தன் இருசக்கர வண்டியில் திரும்பும் வழியில் ஒரு தேனீ கண்ணில் பட்டால் அதன் பின்னாலேயே போய்விடுவான். எந்தப் பக்கம் பறக்கிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து, இரண்டு மைல் தள்ளி இருக்கும் பொந்தைக் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்குக் கவனம் இல்லை என்று யார் சொல்வது? இருக்கிற கவனம் மோட்டார் பக்கம் வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் செங்கல் சூளை, கேரளாவில் மிளகுத் தோட்டம், லாரியில் கிளீனர் என்று எதிலும் அவன் தங்கவில்லை. தங்கிய ஒரே வேலை இதுதான். மனைவி அலமேலுவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். "இன்னொரு வாட்டி மோட்டார் பொகஞ்சா வேற ஆள வச்சிக்குவோம்" என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். அந்த நிலையில்தான் மலை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சீட்டோடு எங்களிடம் வந்தான்.

அவன் வருகிற பேருந்து வடக்கனந்தல் வழியாகத்தான் வரும். ஜெயந்தி அங்கே ஏறுவாள். அவன் பேருந்தில் இல்லை என்றால் எனக்கு உடனே போன் வரும். "மேடம், தேன்காரர் இன்னிக்கி பஸ்ஸுல இல்ல" என்பாள்.

முதல் நான்கு வாரம் அவன் நன்றாகவே பேசினான். வீட்டு வேலைதான் நடக்கவில்லை. போனில் அலாரம் வைக்கச் சொன்னோம். அது அடித்ததும், "தோ போறேன்" என்று அமுக்கிவிட்டுக் கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தான். நோட்டில் எழுதச் சொன்னோம். நோட்டு வீட்டில், அவன் காட்டில். ஐந்தாவது வாரம் வந்து, தொட்டி நிறைந்து கோயில் வாசலெல்லாம் ஓடி, பூசாரி வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். அது நல்ல தண்ணீர் இருந்த நேரம், மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோடை வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் குழு முடிந்து எல்லோரும் போன பிறகு, வராந்தாவில் அவனை நிறுத்தினேன். டாக்டர் உள்ளே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளையன், நீங்க ஆறு மணிக்கு மோட்டார் போடுறீங்க இல்ல? ஆறு முப்பத்தஞ்சுக்கு நானே கூப்பிடுறேன். போய் நிறுத்திடுங்க."

"தெனமுமா மேடம்?"

"தினமும்தான்."

அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டு நாள் கூப்பிட்டேன். பால் பொங்கும் நேரம் அது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். "வெள்ளையன், மோட்டார்." "தோ போய்க்கினு இருக்கறன் மேடம்." ஐந்து நிமிடத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டு, "நிறுத்திட்டன்" என்பான். என் வீட்டுக்காரர், "ஊருல எல்லாருக்கும் சேவல் கூவும், அந்த மலைக்கு மட்டும் நீ கூவுற" என்று கிண்டல் செய்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மனிதனின் வேலை என் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட விடவில்லை.

டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

புதன்கிழமைகளில் அவன் முறை வரும்போது டாக்டர் கேட்பார். "எங்க தடுக்கிச்சு வெள்ளையன்?"

அவன் என்னை ஒரு தரம் பார்ப்பான். "ஒண்ணும் தடுக்கல சார். மோட்டார் கரெக்டா நிறுத்திக்கினு இருக்கறன்."

எல்லோரும் கைதட்டுவார்கள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அவனுடைய கேஸ் ஷீட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று என் கையால் எழுதினேன். அவன் பொய் சொல்லவில்லை. மோட்டார் நின்றுகொண்டுதான் இருந்தது. பொய்யெல்லாம் என் கையெழுத்தில் இருந்தது.

ஐம்பத்து மூன்றாவது நாள் என் மகளுக்குச் சேலத்தில் பிரசவம். விடியும் முன்பே வலி வந்துவிட்டது. பைக்குள் போன், பை காரில், நான் பிரசவ அறை வாசலில். பேத்தி பிறந்தாள். ரோஜா நிறத்தில், ஒரு பிடி தலைமுடியோடு. எல்லோருக்கும் சொல்லலாம் என்று போனை எடுத்தபோது மணி பதினொன்று. வெள்ளையனிடமிருந்து ஒன்பது அழைப்பு.

கூப்பிட்டேன். எடுத்ததும் அவன் கேட்டது, "மேடம், இன்னா ஆச்சு உங்களுக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மோட்டார்..."

"அது பூட்ச்சு மேடம்."

நடந்ததை அவனே சொன்னான். காலையில் மோட்டாரைப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு ராஜம்மா மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நின்று, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வண்டியில் விடச் சொல்லியிருக்கிறாள். போயிருக்கிறான். அங்கே ஒரு ஜீப் பஞ்சராகி நிற்க, சக்கரம் கழற்ற இவனும் சேர்ந்துகொண்டிருக்கிறான்.

"நேரம் ஆகுதுன்னு தோணலையா வெள்ளையன்?"

"உங்க போன் வரல இல்ல மேடம்? அதனால இன்னும் நேரம் ஆவலன்னு நெனச்சிக்கினேன்."

பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பேத்தி பிறந்த அன்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சம்பந்தியம்மா எல்லோரிடமும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"அந்த அம்பத்திரண்டு நாளும் மோட்டார ஞாபகம் வச்சிருந்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப வைத்தியம் யாருக்கு நடந்துச்சு?"

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், அவர் திட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். கேஸ் ஷீட்டில் தவறை அழிக்கக் கூடாது. எழுதியது படிக்கும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 'நல்ல முன்னேற்றம்' என்ற இரண்டு வார்த்தையை ஏழு இடத்தில் அடித்தேன். ஏழு இடத்திலும், 'பணியாளர் தினமும் போனில் நினைவூட்டியதால்' என்று எழுதினேன். முடிக்கும் வரைக்கும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை வெள்ளையன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பதினொன்றுக்கு வந்தான், ஜெயந்திதான் இழுத்துக்கொண்டு வந்தாள். கதவோர நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. ஊரில் பெண்கள் எல்லோரும் அரை மைல் இறங்கி ஊற்றில் தண்ணீர் மொள்கிறார்கள். காயில் கட்ட மோட்டார் கள்ளக்குறிச்சிக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி வேறு ஆளை வைக்கப் போகிறார்கள். இதையெல்லாம் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இதான் கடேசி மேடம். இனிமே நான் வரல. எனக்கு இதெல்லாம் வராது."

நான் எழுந்து நின்று, ஐம்பத்திரண்டு நாள் கதையை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கைதட்டியவர்களைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. "நழுவினது வெள்ளையன்கிட்ட இல்ல, என்கிட்ட" என்றேன்.

டாக்டர் அதை அங்கேயே நிறுத்தினார். "யாரு தப்புன்னு அப்புறம் பார்க்கலாம். வெள்ளையன், மோட்டார் போட்டதுலேர்ந்து சொல்லுங்க. எங்க வரைக்கும் நெனப்பு இருந்துச்சு?"

வெள்ளையன் யோசித்தான். "பொட்டியில செவப்பு பட்டன், பச்ச பட்டன் ரெண்டும் தெரியுது சார். கதவ சாத்துறேன், நெனப்பு இருக்குது. ராஜம்மா கூப்பிடுது, அப்பவும் இருக்குது. சாவிய போடுறன், வண்டிய ஒதைக்கிறன்..." நிறுத்தினான். "வண்டி கெளம்புற வரைக்கும் இருக்குது சார். கெளம்பினா பூடுது."

ஜெயந்தி சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்ப வண்டி கெளம்பக் கூடாது."

"அது எப்படிம்மா?" என்றான் வெள்ளையன்.

"வண்டிச் சாவிய மோட்டார் பொட்டியிலயே மாட்டிடுங்க. பச்ச பட்டன அமுக்குன ஒடனே சாவிய செவப்பு பட்டன் மேல தொங்க வுட்டுடுங்க. வண்டி வேணும்னா அங்கதான் போவணும். அங்க போனா மோட்டாரு உங்க கண்ணு முன்னாடி ஓடும். நான் பொட்டி மேல குந்திக்கினு தைக்கல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எத்தனை புத்தகம் படித்திருப்போம். "எப்போ, எங்க, எதுக்கு அப்புறம்னு ஜெயந்தி சொல்லிட்டாங்க" என்றார். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை. வெள்ளையன் தன் சாவிக் கொத்தை எடுத்து, எதிரே காற்றில் பட்டன் இருப்பதாக வைத்துக்கொண்டு, அமுக்குவதும் மாட்டுவதுமாக இருபது தடவை செய்தான். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்து எண்ணினோம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மலைக்குப் போனேன். அவனுடைய நோயைப் பற்றி ஊரில் பேச அவனிடம் அனுமதி கேட்டேன். "குடிகாரன்னு சொல்றதுக்கு இது தேவல, சொல்லுங்க" என்றான். வளைவுகளில் எனக்கு வாந்தி வராமல் இருக்க ஜெயந்தி ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஊர் தொட்டியடியில் கூடியிருந்தது. அலமேலு இரண்டு குடங்களோடு ஓரமாக நின்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடைசித் தடவை எரிந்ததற்கு நானும் காரணம் என்றேன். ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டார்.

"நீங்க போன் பண்ணாதான் மோட்டார நிறுத்துவான்னா, இது இன்னா வைத்தியம்மா?"

"அதுதான் தப்பான வைத்தியம், ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவருக்கு அதற்கு மேல் என்னைத் திட்ட வழியில்லாமல் போனது. வெள்ளையன் முன்னால் வந்து சாவியைக் காட்டி, தான் செய்யப் போவதைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"நீ மாட்டுவப்பா. எவனாச்சும் வந்து அவசரம், வுட்டுட்டு வான்னா கெளம்பிடுவ. உனக்கு இல்லன்னு சொல்ல வருமா?"

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ராஜம்மா பேசினாள். "அன்னிக்கி கெழங்கு மூட்டைய தூக்கிக்கினு போயி நின்னது நான்தாங்க. முன்னாடி எரிஞ்சப்போ யாரு வண்டியில குந்திக்கினு போனதுன்னு அவங்கவங்களுக்குத் தெரியும்."

பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தெருவில் அப்போது வண்டி வைத்திருந்தவன் வெள்ளையன்தான். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனும் அவன்தான். தலைவர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். கூடவே, பெட்டியில் சாவி தொங்கும்போது அவனிடம் யாரும் வண்டி கேட்கக் கூடாது என்று ஊருக்கும் சொல்லிவிட்டார். நான் கிளம்பும்போது அலமேலு என் பையில் கொஞ்சம் சாமையைப் போட்டாள். "நீங்க இனிமே போன் பண்ணாதீங்கம்மா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு அது கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலை ஆறு முப்பத்தைந்துக்குக் கை தானாகப் போனைத் தேடும். என் வீட்டுக்காரர் போனை வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி, ஏழு மணிக்குத்தான் எடுத்துத் தருவார். வெள்ளையனுக்கு வைத்தியம் பார்த்தது குழு, எனக்கு வைத்தியம் பார்த்தது அவர். மலையிலிருந்து போன் வரவில்லை. புதன்கிழமைகளில் மட்டும் வெள்ளையன் வந்து, "ரெண்டு நாள் மாட்டல சார், மூணாவது நாள் கொக்கி செஞ்சிக்கினேன், இப்ப மாட்டறன்" என்று தடுக்கிய இடத்தைச் சொன்னான். யாரும் கைதட்டவில்லை. எனக்கு அந்த 'ரெண்டு நாள் மாட்டல' காதில் தேனாக விழுந்தது. மாதம் முடிந்தது. வேலை அவனுடையதாகவே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கோடை வந்து போனது.

நான் ஓய்வு பெற்றது ஒரு மழைக்காலப் புதன்கிழமை. பிரிவுபசாரத்தை அதே அறையில், அதே பத்தரை மணிக்கு வைத்தார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த டாக்டர் மாசிலாமணி வந்திருந்தார். வந்ததும் சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஜெயந்தி எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்திருந்தாள், கொக்கி உட்பட முடித்து. பழைய குழுவில் எல்லோரும் வந்துவிட்டார்கள். கதவோர நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. "தேன்காரர் பஸ்ஸுல இல்ல மேடம்" என்று ஜெயந்தி மெதுவாகச் சொன்னாள்.

பதினொன்றரை ஆயிற்று. மாலை போட்டார்கள், பேசினார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த அறையில் தடை செய்த வார்த்தையை நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. காத்தால கரண்டே இல்ல. பஸ்ஸுக்குக் கெளம்பற நேரத்துலயும் வரல, இப்பதான் வந்துச்சு. மோட்டார் ஓடிக்கினு இருக்குது. சாவி பொட்டியில தொங்குது. தொட்டி ரொம்பறதுக்கு இன்னும் அர மணி ஆவும். நான் கீழ வர முடியாது மேடம்."

பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. டாக்டர் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க தடுக்கிச்சு வெள்ளையன்?"

"சார், நீங்களா? ஒண்ணும் தடுக்கல சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரை நேராகப் பார்த்தேன். அன்றைக்கு என் மடியில் குனிந்து பார்க்க ரிஜிஸ்டர் எதுவும் இல்லை, தேவையும் படவில்லை. அவர் கைப்பையைத் திறந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.